தோட்டா ஒன்று, வழி மூன்று: திகில் விளையாட்டுகளில் சண்டையும் பதுங்கலும் தெரிவும்

கணினி விளையாட்டு என்றதும், துப்பாக்கியை எடுத்துக் கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டுத் தள்ளுவதுதான் என்று எண்ணுவோர் நம்மிடையே இன்னும் உளர். வீட்டில் பெற்றோரும் விரிவுரைக் கூடத்தில் விரிவுரையாளர் சிலரும் அப்படித்தான் கருதுகின்றனர். அவர்களை முழுவதும் குறை சொல்வதற்கில்லை. பரபரப்பாக விற்பனையாகும் விளையாட்டுகளில் பல அத்தகையனவே. ஆயினும் ‘சுடலாமா, ஒளியலாமா, ஓடிவிடலாமா’ என்று ஒவ்வொரு கதவின் முன்னும் நிறுத்தி யோசிக்க வைக்கும் விளையாட்டு வகை ஒன்று உண்டு. ‘சர்வைவல் ஹாரர்’ என்று உலகெங்கும் வழங்கும் இவ்வகையைத் தமிழில் உயிர்பிழைப்புத் திகில் விளையாட்டு எனலாம்.

இவ்வகை விளையாட்டுகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரு கருத்தைச் சொல்வர். ஆட்டக்காரரின் கையில் ஆயுதம் இருந்தால் அச்சம் குறையும். ஆயுதத்தைப் பிடுங்கிவிட்டால் அச்சம் கூடும் என்பதே அக்கருத்து. கேட்பதற்குச் சரியாகத் தோன்றும் இது பாதிதான் உண்மை என்பது இக்கட்டுரையின் வாதம். எதைத் தெரிவு செய்தாலும் ஏதோ ஒன்றை இழக்க வேண்டும் என்னும் நிலையே அச்சத்தை வளர்க்கிறது. ஆயுதம் இருப்பதும் இல்லாததும் அதற்கு அடுத்த செய்தி. இதனைச் சில விளையாட்டுகளின் அமைப்பைக் கொண்டே காண்போம்.

பரண் அறையில் சில விநாடிகள்

1992ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் இன்ஃபோகிராம்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘அலோன் இன் தி டார்க்’ இவ்வகைக்கு முன்னோடிகளுள் ஒன்று. பிரெடரிக் ரேனால் உருவாக்கிய இவ்விளையாட்டு ஒரு பழைய மாளிகையின் பரண் அறையில் தொடங்குகிறது. அறைக்குள் வந்த சில விநாடிகளில் சன்னலை உடைத்துக்கொண்டு ஒரு கொடிய விலங்கு உள்ளே பாயும். அதனோடு கைகலக்கலாம், அடி வாங்கியேனும் கொல்லலாம். அதைவிட நல்ல வழி ஒன்று அங்கேயே இருக்கிறது. அருகில் நிற்கும் அலமாரியைத் தள்ளிச் சன்னலை மறைத்துவிட்டால் விலங்கு உள்ளே வர முடியாது. தரையில் உள்ள கதவின் மேல் பெட்டியொன்றை நகர்த்தி வைத்துவிட்டால், கீழிருந்து ஏறிவரும் மற்றொன்றும் தடைபட்டுவிடும்.

விளையாட்டு இதனை வாய்திறந்து சொல்வதில்லை. முதன்முறை விளையாடும் பலர் சண்டையிட்டுக் காயத்தோடுதான் அறையை விட்டு இறங்குவர். வெற்றி என்றால் கொல்வது என்று பழகிய கைக்கு, சண்டையே நடக்காமல் செய்வதும் வெற்றிதான் என்று இந்தப் பரண் அறை கற்றுக் கொடுத்தது. சண்டை, தவிர்ப்பு, தெரிவு ஆகிய மூன்றும் அந்தச் சிறிய அறைக்குள்ளேயே முளைவிட்டுவிட்டன.

மண்ணெண்ணெய்க் கணக்கு

இவ்வகைக்குப் பெயரும் புகழும் தேடித் தந்தது, ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1996ஆம் ஆண்டில் பிளேஸ்டேஷன் கருவிக்கு வெளியிட்ட ‘ரெசிடென்ட் ஈவில்’. ஷின்ஜி மிகாமி இயக்கிய இவ்விளையாட்டு, அதே நிறுவனம் 1989இல் வெளியிட்ட ‘ஸ்வீட் ஹோம்’ விளையாட்டை மீண்டும் உருவாக்கும் முயற்சியாகத் தொடங்கியது என்பது குறிப்பிடத்தக்கது.

இதில் துப்பாக்கி உண்டு, தோட்டாவும் உண்டு. ஆனால் எல்லாமே எண்ணி வைத்தாற்போல் இருக்கும். ஜில் என்னும் பாத்திரத்தை எடுத்தால் ஒரே நேரத்தில் 8 பொருள்களைச் சுமக்கலாம். கிறிஸ் என்றால் 6 மட்டுமே. துப்பாக்கி ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தோட்டா ஓர் இடம். மருந்து மூலிகை ஓர் இடம். கதவுச் சாவிக்கு இடம் வேண்டுமே என்று எதையாவது பெட்டியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். ஆட்டத்தைச் சேமிப்பதற்குக்கூடத் தட்டச்சு இயந்திரமும் மை நாடாவும் தேவை. நாடா தீர்ந்தால் சேமிப்பு இல்லை. குறி வைக்கும்போது பாத்திரம் நின்ற இடத்தை விட்டு நகர முடியாது. ஆகவே சுடுவது என்று முடிவெடுப்பது, ஓடுவதில்லை என்று முடிவெடுப்பதும் ஆகும்.

இந்த அமைப்பின் உச்சத்தை 2002இல் கேம்கியூப் கருவிக்கு வந்த மறுஆக்கத்தில் காணலாம். இப்பகுதியைச் சற்று விரிவாகவே நோக்க வேண்டும். மூலத்தில், சுட்டு வீழ்த்திய நடைப்பிணம் வீழ்ந்ததுதான். அந்த நடைக்கூடம் அதன்பின் பாதுகாப்பானது. மறுஆக்கத்திலோ, தலை சிதறாமலும் உடல் எரிக்கப்படாமலும் விடப்பட்ட பிணம் சிறிது காலம் கழித்து மீண்டும் எழும். இம்முறை அது தள்ளாடி நடப்பதில்லை. சிவந்த தலையோடும் நீண்ட நகங்களோடும் ஓடியே வரும். அதனைத் தடுக்க மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்த வேண்டும். மண்ணெண்ணெய்ப் புட்டியில் இரண்டு பிணங்களுக்குப் போதுமான எண்ணெயே பிடிக்கும். மீண்டும் நிரப்ப வேண்டுமானால் எண்ணெய் வைத்திருக்கும் இடத்துக்கு நடந்து போக வேண்டும். ஜில்லுக்குப் புட்டி ஓர் இடம், தீமூட்டி ஓர் இடம் என்று எட்டில் இரண்டு போய்விடும்.

இப்போது ஆட்டக்காரரின் நிலையை எண்ணிப் பாருங்கள். குறுகிய நடைக்கூடத்தில் ஒரு நடைப்பிணம் நிற்கிறது. சுட்டால் தோட்டா செலவு. சுட்டபின் எரிக்காவிட்டால் நாளை இதைவிடக் கொடிய ஒன்று அதே இடத்தில் காத்திருக்கும். எரிப்பதென்றால் எண்ணெய் செலவு. சுடாமல் பக்கவாட்டில் நழுவி ஓடலாம். அப்போது அது இங்கேயே இருக்கும், திரும்பி வரும்போதும் நழுவ வேண்டும். அப்படியானால் இந்த வழியாக இன்னும் எத்தனை முறை வருவோம்? அது தெரிந்தால் முடிவு எளிது. ஆனால் மாளிகையின் எந்தக் கதவு எப்போது திறக்கும் என்பது அந்நேரத்தில் தெரியாது. நாளைக்கு என்ன தேவை என்று அறியாமலே இன்றைக்குச் செலவிட வேண்டியுள்ளது. மாதக் கடைசியில் கல்விக் கடனை எண்ணிச் செலவழிக்கும் மாணவருக்கு இந்த மனநிலையை விளக்கத் தேவையில்லை!

ஆயுதம் கையில் இருந்தும் அச்சம் குறையவில்லை என்பதை இங்குக் காண்கிறோம். சுட்ட தோட்டாவே பின்னால் வரும் அச்சத்துக்கு வித்தாகிறது.

அச்சம் எப்போது பெருமிதமாகிறது?

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம் தோன்றும் களங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கினைக் கூறுகிறது. திகில் விளையாட்டுகளில் நம்மைத் துரத்துவனவற்றைப் பார்த்தால் முதல் மூன்றும் அப்படியே பொருந்தி வரும். அதே இயலில் அச்சத்தின் அருகிலேயே பெருமிதம் தனி மெய்ப்பாடாக வைக்கப்பட்டு, அதற்குரிய களங்களுள் ஒன்றாகத் தறுகண் சுட்டப்படுகிறது. அஞ்சாமையே தறுகண். திகில் விளையாட்டுகளின் வரலாற்றைப் படிக்கும்போது இவ்விரு மெய்ப்பாடுகளுக்கும் இடையிலான எல்லைக்கோடு பலமுறை நகர்ந்திருப்பது தெரிகிறது.

1999இல் வந்த ‘ரெசிடென்ட் ஈவில் 3’ இதற்கு நல்ல சான்று. நெமெசிஸ் என்னும் அரக்கன் நகரெங்கும் ஜில்லைத் துரத்துகிறான். காவல் நிலையத்தின் வாசலில் முதன்முதலாக அவன் தோன்றும்போது திரை வெளுத்து, இரண்டு தெரிவுகள் வரும்: எதிர்த்து நில், அல்லது நிலையத்துக்குள் ஓடு. யோசிக்க விநாடிகளே உண்டு. ஓடுவது அறிவுடைமை. ஆனால் கடினநிலை ஆட்டத்தில் அவனை வீழ்த்தினால், மேம்பட்ட துப்பாக்கி ஒன்றின் பாகங்களைக் கொண்ட பெட்டி கிடைக்கும். ஓடச் சொல்லும் அச்சத்துக்கும் நிற்கச் சொல்லும் ஆசைக்கும் நடுவே ஆட்டக்காரர் நிறுத்தப்படுகிறார். இது மிக நேர்மையான பேரம் என்பது என் கருத்து.

2005இல் வெளிவந்த நான்காம் பாகத்தில் எல்லைக்கோடு பெருமிதத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. தோளுக்குப் பின்னிருந்து பார்க்கும் படக்காட்சி, வீழ்ந்த எதிரிகள் விட்டுச் செல்லும் தோட்டாக்கள், ஆயுதம் விற்கும் வணிகர் என எல்லாம் வீரனுக்கு உரியவை. மிகச் சிறந்த விளையாட்டுதான். ஆனால் அச்சம் தொடக்கத்தில்தான் கூடுதல். முதல் கிராமத்தில் ஊரே திரண்டு வந்து தாக்கும்போது வீட்டுக்குள் புகுந்து அலமாரியால் வாசலை அடைக்கலாம், கூரை மேல் ஏறலாம், ஓடிக்கொண்டே இருக்கலாம். எல்லோரையும் கொல்ல வேண்டிய கட்டாயமில்லை. போதிய நேரம் தாக்குப்பிடித்தால் தேவாலய மணி ஒலித்து, கூட்டம் தானாகவே கலைந்துவிடும். அப்பகுதிதான் பலருக்கும் மறக்காமல் நிற்கிறது.

பேயைப் படம் பிடிக்கும் விளையாட்டுகள் வேறொரு வழியில் இச்சிக்கலைத் தீர்த்தன. டெக்மோ நிறுவனத்தின் ‘ஃபேட்டல் ஃபிரேம்’ 2001இல் வந்தது. இதில் ஆயுதம் ஒரு பழைய புகைப்படக் கருவி. பேய் எவ்வளவு நெருங்கி வருகிறதோ அவ்வளவு வலுவாகத் தாக்கும். பேய் நம்மேல் பாயும் அந்தக் கணத்தில் எடுக்கும் படமே மிகுந்த சேதம் விளைவிக்கும். ஆகவே எதைக் கண்டு கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றுகிறதோ அதையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சண்டையே அச்சத்தின் வடிவமாக மாறிவிடுகிறது. நமக்கு அண்டை நாடான இந்தோனேசியாவில் பண்டுங் நகரைச் சேர்ந்த குழுவினர் 2014இல் வெளியிட்ட ‘டிரெட்அவுட்’ விளையாட்டில் அக்கருவியின் இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்துக்கொண்டது. போச்சோங், குந்தில் அனாக் எல்லாம் அதில் வரும். சிறு வயதில் அப்பெயர்களைக் கேட்டு வளர்ந்த இவ்வட்டாரத்தினருக்கு அதை இரவில் தனியாக விளையாடுவது அத்தனை எளிதன்று.

ஆயுதத்தைப் பிடுங்கிய பின்

ஆயுதமே தராத விளையாட்டுகளுக்கு வருவோம். 1995இல் சூப்பர் ஃபேமிகாம் கருவிக்கு வந்த ‘கிளாக் டவர்’ விளையாட்டில் பெரிய கத்தரிக்கோலோடு துரத்துபவனிடமிருந்து ஓடவும் ஒளியவும் மட்டுமே முடியும். ஆயினும் இம்முறையைப் பெரிய அளவில் பரவச் செய்தது, சுவீடனின் ஃபிரிக்‌ஷனல் கேம்ஸ் குழு 2010இல் வெளியிட்ட ‘அம்னீசியா: தி டார்க் டிசென்ட்’ ஆகும். 1839ஆம் ஆண்டு, பிரசியாவில் ஒரு கோட்டை, நினைவிழந்து எழும் டேனியல். அவன் கையில் வாளுமில்லை, துப்பாக்கியுமில்லை. எண்ணெய் குறைந்துகொண்டே வரும் ஒரு விளக்கு மட்டும் உண்டு.

இவ்விளையாட்டின் நுட்பம் ஆயுதமின்மையில் இருப்பதாகவே பலர் எழுதுகின்றனர். உண்மையில் அது மனத்தெளிவு என்னும் அளவீட்டில் இருக்கிறது. இருளில் நின்றால் டேனியலின் மனத்தெளிவு குறையும். விளக்கை ஏற்றினால் மனத்தெளிவு காக்கப்படும். ஆனால் எண்ணெய் செலவாகும், அரக்கனின் கண்ணிலும் எளிதில் படுவோம். அரக்கனை உற்றுப் பார்த்தாலும் மனத்தெளிவு சரியும். இருள் ஒளிவிடம், இருளே நோய்; ஒளி மருந்து, ஒளியே காட்டிக்கொடுப்பது. இதனால்தான் இதனை விளையாடுவோர் மூலையில் குந்தி, சுவரைப் பார்த்தபடி, காலடி ஓசையை மட்டும் கேட்டுக்கொண்டு காத்திருக்கின்றனர். தோட்டா இருந்த இடத்தில் எண்ணெய் வந்து அமர்ந்திருக்கிறது. ‘ரெசிடென்ட் ஈவில்’ மாளிகையின் மண்ணெண்ணெய்க் கணக்கேதான் இது.

இக்கணக்கு இல்லாத இடத்தில் ஆயுதமின்மை மட்டும் என்ன செய்கிறது? ஒளிவது ஒன்றே வழி என்றாகிவிட்டால் தெரிவு இல்லை. பிடிபட்டால் மீண்டும் தொடக்கத்திலிருந்து அதே அறை, அதே அரக்கன். இரண்டாம் முறை பயமிருக்கும். ஐந்தாம் முறை சலிப்புத்தான். இதே ஃபிரிக்‌ஷனல் குழு 2015இல் வெளியிட்ட ‘சோமா’ இதற்குச் சான்று பகர்கிறது. கடலடியில் நிகழும் அதன் கதை, மனிதன் என்பவன் யார் என்று கேட்கும் ஆழமான கதை. ஆனால் இடையிடையே அரக்கர்களிடமிருந்து ஒளிந்து செல்லும் பகுதிகள் கதைக்குத் தடையாகவே பலருக்குத் தோன்றின. அரக்கர்கள் தாக்காதவாறு மாற்றும் திருத்தம் ஒன்றை ஆட்டக்காரர் தரப்பிலேயே உருவாக்கினர். பின்னர் 2017ஆம் ஆண்டின் இறுதியில் குழுவே ‘பாதுகாப்பு நிலை’ என்ற தெரிவைச் சேர்த்தது. அதில் அரக்கர்கள் இருப்பார்கள். ஆட்டக்காரரைக் கொல்ல மாட்டார்கள். திகில் விளையாட்டில் இப்படியும் ஒரு வசதியா என்று சிலர் ஏளனம் செய்தனர். எனக்கு அது நேர்மையான செயலாகவே படுகிறது. ‘சோமா’வின் திகில் அரக்கர்களிடம் இல்லை என்பதை அதை ஆக்கியவர்களே உணர்ந்துகொண்டனர்.

தேடி வரும் விலங்கு

பதுங்கல் என்பது சும்மா இருத்தல் அன்று. பெறும் தகவலுக்கு விலை கொடுப்பது. 2003இல் வந்த ஜப்பானிய விளையாட்டான ‘சைரன்’ இதனை அழகாகக் காட்டியது. எதிரியின் கண் வழியாகவே நாம் பார்க்கலாம். அவன் எங்கே நிற்கிறான், எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று அறியலாம். ஆனால் அப்படிப் பார்க்கும்போது நம்மால் நகர முடியாது.

இவ்வழியில் மிகத் தொலைவு சென்றது, பிரிட்டனின் கிரியேட்டிவ் அசெம்பிளி 2014இல் வெளியிட்ட ‘ஏலியன்: ஐசொலேஷன்’. செவஸ்டப்போல் என்னும் விண்வெளி நிலையத்தில் அமண்டா ரிப்ளியைத் தேடி அலையும் வேற்றுக்கோள் விலங்கை எந்த ஆயுதத்தாலும் கொல்ல முடியாது. அதன் அறிவு இரண்டு அடுக்குகளாக அமைக்கப்பட்டது. மேல் அடுக்குக்கு ஆட்டக்காரர் எங்கிருக்கிறார் என்பது எப்போதும் தெரியும். அது விலங்குக்கு ஏறக்குறைய எந்தப் பக்கம் என்ற குறிப்பை மட்டும் தரும். விலங்கு தன் கண்ணாலும் காதாலும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆட்டக்காரர் நெடுநேரம் நெருக்கடியில் இருந்துவிட்டால் அதே மேல் அடுக்கு விலங்கைக் காற்றுக்குழாய்களுக்குள் திருப்பி அனுப்பும். மூச்சுவிட நேரம் கிடைக்கும். பின் மீண்டும் வரும்.

இரும்பு அலமாரிக்குள் ஒளியலாம். விலங்கு கதவருகே வந்து முகர்ந்தால் மூச்சை அடக்க வேண்டும். அடக்க அடக்க உடல்நலம் குறையும். அசைவுகளைக் காட்டும் கருவி கையில் உண்டு. அதன் ஒலி பக்கத்தில் இருக்கும் விலங்குக்கும் கேட்கும். தீயுமிழ் கருவி அதனை விரட்டுமே தவிரக் கொல்லாது. ஒரே தந்திரத்தைத் திரும்பத் திரும்பச் செய்தால் விலங்கின் நடத்தையும் மாறும். ஆட்டத்தைச் சேமிக்கக்கூட அட்டையைச் செருகி, விளக்குகள் எரியும்வரை முதுகைக் காட்டி நிற்க வேண்டும்.

நிலையத்தில் துப்பாக்கி ஏந்திய மனிதர்களும் இருக்கின்றனர். அவர்கள் நடுவே ஒலியெழுப்பும் கருவி ஒன்றை எறிந்துவிட்டால் விலங்கு வந்து அவர்களைக் கொன்றுவிடும். நமக்கு வழி திறக்கும். தோட்டாச் செலவு இல்லை. ஆனால் அவர்களுள் பலர் தீயவர் அல்லர். நம்மைப் போலவே பயந்து போனவர்கள். விளையாட்டு இதற்குத் தண்டனை எதுவும் தருவதில்லை. அலமாரிக்குள் நின்று அவர்களின் அலறலைக் கேட்க வேண்டியிருக்கும், அவ்வளவே. தெரிவு என்பதை அறச்சிக்கலாக மாற்றுவதற்கு ‘நல்லது செய், தீயது செய்’ என்று பொத்தான் வைக்கத் தேவையில்லை என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

கேட்காமல் கேட்கப்படும் கேள்வி

பொத்தானே இல்லாத தெரிவுக்குப் பழைய சான்று, கொனாமி நிறுவனத்தின் ‘சைலண்ட் ஹில் 2’. 2001இல் வெளிவந்த இவ்விளையாட்டில், இறந்துபோன மனைவியிடமிருந்து கடிதம் வந்ததென்று ஜேம்ஸ் என்பவன் பனிமூட்டம் சூழ்ந்த ஊருக்கு வருகிறான். அவன் வீரன் அல்லன். பலகையையும் இரும்புக் குழாயையும் தட்டுத்தடுமாறி வீசுகிறான். தெருக்களில் அரக்கர்களைத் தாண்டி ஓடிவிடலாம். அருகில் இருந்தால் வானொலிப் பெட்டி இரைந்து எச்சரிக்கும்.

கதையின் முடிவு பலவாறாக அமையும். எந்த முடிவு வேண்டும் என்று எங்கும் கேட்கப்படுவதில்லை. ஜேம்ஸ் காயப்பட்டபின் உடனே மருந்திட்டுக்கொண்டானா, குற்றுயிராகவே திரிந்தானா? மனைவியின் படத்தையும் கடிதத்தையும் எடுத்துப் பார்த்தானா? ஒரு பெண்ணிடமிருந்து வாங்கி வைத்த கத்தியைத் திரும்பத் திரும்ப உற்று நோக்கினானா? உடன்வரும் மரியாவின் அருகிலேயே இருந்தானா? விளையாட்டு இவற்றையெல்லாம் ஓசையின்றிக் குறித்துக்கொள்கிறது. மருந்தை மிச்சப்படுத்த வேண்டும் என்று சிக்கனமாக விளையாடியவர், வாழ விருப்பமற்ற ஒருவனின் முடிவை நோக்கித் தம்மை அறியாமலே நடந்துகொண்டிருப்பார். சண்டைப் பழக்கமே குணச்சித்திரமாகிவிடுகிறது. 2024இல் போலந்தின் புளூபர் குழு செய்த மறுஆக்கத்திலும் இம்முறை தொடர்கிறது.

ஆறு தோட்டாக்குழிகள்

ஆயுதம் இல்லாத திகிலுக்கு இலக்கணம் வகுத்ததாகப் போற்றப்பட்ட அதே ஃபிரிக்‌ஷனல் குழு, 2023ஆம் ஆண்டில் ‘அம்னீசியா: தி பங்கர்’ விளையாட்டை வெளியிட்டபோது ஆட்டக்காரரின் கையில் ஒரு சுழல் துப்பாக்கியைக் கொடுத்தது. முதல் உலகப் போரில் ஒரு பிரெஞ்சு வீரன் நிலத்தடிப் பதுங்கிடத்தில் மாட்டிக்கொள்கிறான். சுவர்களுக்குப் பின்னால் ஒன்று ஊர்கிறது. விளக்குகள் எரிய மின்னாக்கிக்கு எரிபொருள் வேண்டும். அது தீர்ந்தால் இருள். கைவிளக்கு உண்டு, ஆனால் இழுத்து இழுத்து இயக்க வேண்டும். அந்தச் சத்தம் சுவருக்குப் பின்னால் இருப்பதற்குக் கேட்கும். பூட்டிய கதவைத் துப்பாக்கியால் சுட்டும் உடைக்கலாம், கல்லால் இடித்தும் உடைக்கலாம், சாவியைத் தேடியும் திறக்கலாம். முதல் இரண்டும் விரைவு, இரண்டும் சத்தம்.

துப்பாக்கியில் எத்தனை தோட்டா மிச்சம் என்பதைத் திரையில் எண்ணாகக் காட்டுவதில்லை. உருளையைத் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும். சுட்டாலும் அது சாகாது, சற்றுநேரம் பின்வாங்கும். சுட்ட ஓசை பதுங்கிடம் முழுவதும் எதிரொலிக்கும். கையில் ஆயுதம் கொடுத்தபின் அச்சம் குறைந்துவிட்டதா என்பதை அறிய விரும்புவோர், விடுதியில் அறைத்தோழர்கள் ஊருக்குப் போன ஓர் இரவில், விளக்கை அணைத்துவிட்டு அந்த உருளையைத் திறந்து எண்ணிப் பார்க்கலாம்.